நண்டுக்குப் பெயர் கேட்டு ஆய்வகத்துக்குப் போனால்

நண்டு, மீனுக்கு இனப்பெயர் சொல்லும் ஒரு ஆய்வகத்தின் சேவைக்கு ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்றரை கொடுப்பேன். மீதி ஒன்றரை எங்கே போயிற்று என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. ஆய்வகத்தின் பெயரைப் போடவில்லை. அசல் ஆய்வகம் வெளியூரில் இருக்கிறது, நாகர்கோவிலில் மாதிரி வாங்குவதற்கு ஒரு கவுண்டர் மட்டும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கவுண்டரில் இருப்பது ஒரே ஒரு பையன். பெயரைப் போட்டால் நான் சொல்லும் குறையெல்லாம் அவன் தலையில்தான் விழும். எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஏறக்குறைய இவைதான் என்பதால், பெயர் இல்லாமலே இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

சேவை இதுதான்: மீனோ இறாலோ நண்டோ கொண்டு கொடுத்தால், அது என்ன இனம் என்று அறிவியல் பெயரோடு ரிப்போர்ட் தருவார்கள். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ‘டிஎன்ஏ மட்டும்’. மற்றது, ஒரு ஆள் உட்கார்ந்து உடம்பைப் பார்த்து எழுதுவதும் டிஎன்ஏவும் சேர்ந்தது. சேர்ந்ததற்குக் காசு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. “டிஎன்ஏ மட்டும் போதும் மேடம், அதுதான் ஃபைனல்” என்று கவுண்டரில் சொல்வார்கள். தயவுசெய்து தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். நான் சேர்ந்ததைத்தான் எடுத்தேன். கொடுத்த காசுக்கு உருப்படியாகக் கிடைத்தது அந்த உருவம் பார்த்து எழுதிய பக்கங்கள்தான்.

நான் குளச்சலில் ஒரு சிறிய மீன் வியாபாரியிடம் காகித வேலை பார்க்கிறேன். விலங்கியலில் எம்எஸ்சி முடித்தவள் என்பதால் ‘இதுக்கு சயின்டிஃபிக் நேம் என்ன’ என்கிற கேள்வியெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு என்றால் பேச்சே வேறு. அவர்களுடைய 1379/2013 ஒழுங்குமுறைப்படி, கடையில் விற்கும்போது வியாபாரப் பெயர், எந்தக் கடலில் பிடித்தது, என்ன வலையில் பிடித்தது என்பதோடு அறிவியல் பெயரும் தெரிய வேண்டும். அதனால் வாங்குகிறவன் முதல் கடிதத்திலேயே அதைக் கேட்டுவிடுவான். நீலக்கால் நண்டும் மூணு புள்ளி நண்டும் எங்களுக்குப் பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம். இந்த முறை ஒருவர் கேட்டது ஆழ்கடல் நண்டு. முழுசாக உறைய வைத்த சாம்பிள் கொஞ்சம் அனுப்புங்கள், கூடவே பெயரும் அனுப்புங்கள் என்றார்.

இந்த நண்டை எங்கள் பக்கத்து ஆட்கள் பார்க்காமல் இல்லை. என் சித்தப்பா கொல்லம் பக்கத்தில் ஆழ்கடல் இறாலுக்கு மடி (கடல்தரையை அரித்து இழுக்கும் வலை) இழுக்கிற போட்டில் போகிறவர். சிவப்பு இறாலோடு சேர்ந்து இதுவும் மடியில் ஏறும். கழிசலோடு ஒதுக்கிவிடுவார்கள். “கோழித்தீவனத்துக்குப் போற சாதனம் மக்களே, இதுக்குப் போய் டெஸ்டா?” என்று சிரித்தார். தூத்தூர், வள்ளவிளைக்காரர்களுக்கு இது வேறு வழியில் தெரியும். அவர்கள் மடி இழுப்பதில்லை, ஆயிரங்கால் தூண்டில் போட்டுக் கேரையும் (சூரை மீன்) சுறாவும் பிடிக்கிறவர்கள். தேங்காய்ப்பட்டணத்தில் கேரையின் வயிற்றைக் கிழித்தால் உள்ளே நண்டு நண்டாகக் கிடக்கும். கால் கழன்று, ஓடு பாதி கரைந்து, கொழகொழவென்று. இரண்டும் ஒரே நண்டா? தரையை உரசும் மடியில் ஏறுகிற நண்டு, மேல்தண்ணியில் ஓடுகிற கேரையின் வயிற்றுக்குள் எப்படிப் போனது? வாங்குகிறவர் இதைக் கேட்கவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அதனால் கேரை வயிற்று நண்டையும் ஒரு குப்பியில் போட்டு என் சொந்தக் காசில் சேர்த்துக் கொடுத்தேன்.

கவுண்டர் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டியதும் பையன் ஒரு பெரிய பாட்டிலை எடுத்து வைத்தான். மூக்கில் ஏறிய காட்டத்திலேயே ஃபார்மலின் என்று தெரிந்துவிட்டது. ஃபார்மலினில் போட்டால் உடம்பு கெடாமல் நிற்கும், டிஎன்ஏ நாசமாகிவிடும். புரதத்தோடு டிஎன்ஏவைப் பிணைத்து, துண்டு துண்டாக்கி, பிறகு பிரித்தெடுப்பதையே பெரும்பாடாக்கிவிடும். டிஎன்ஏ பரிசோதனைக்கு மாதிரி வாங்கும் இடத்தில் மேஜை மேலேயே ஃபார்மலின் இருக்கிறது என்றால் அரை நட்சத்திரம் அங்கேயே போயிற்று. “எத்தனால் இருக்கா?” என்று கேட்டபின் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தான். 95 சதவீத எத்தனால், சின்னக் குப்பிகள், நல்ல மூடி. அது வேண்டிய அளவு இருந்தது. எத்தனால் தீப்பிடிக்கிற பொருள் என்பதால் சாதாரணக் கூரியரில் வாங்க மாட்டார்கள். இவர்கள் தங்கள் வண்டியிலேயே கொண்டுபோகிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே கவுண்டர் வழியாகக் கொடுப்பது லாபம்.

மாதிரி கொடுத்துக் கொஞ்ச நாள் கழித்து ஆய்வகத்திலிருந்து ஒரு பெண்மணி அழைத்தார். நுண்ணோக்கியில் பார்த்து எழுதுகிறவர் அவர்தான். முதலில் மேடம், நீங்கள் என்றுதான் பேச்சு. என் பேச்சைக் கேட்டதும், “தூத்தூர் பக்கமா?” என்றார். அவருக்குக் குழித்துறை. அதற்கப்புறம் அக்கா, மக்களே என்று ஆகிவிட்டது. “நீ அனுப்பினது எல்லாம் பொட்டை நண்டு மக்களே. அத வெச்சும் சொல்லலாம். ஆனா ஆண் ஒண்ணு இருந்தா சந்தேகமே இல்லாம எழுதிருவேன்.” எங்கள் கொட்டகை உறைபெட்டியில் அதே சரக்கு மிச்சம் இருந்தது. வயிற்றுப்பக்கம் திருப்பி, மடிப்பு அகலமாக வட்டமாக இருப்பதை ஒதுக்கி, குறுகிக் கூராக இருப்பதாகப் பார்த்து இரண்டு கொடுத்தனுப்பினேன். கவுண்டர் பையன் மாதிரி வாங்கும்போதே திருப்பிப் பார்த்திருந்தால் இந்த அலைச்சல் மிச்சம். பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், சந்தையில் நண்டு வாங்குகிற எந்த அம்மாவும் செய்கிற காரியம்.

ஆண் எதற்கு என்று கேட்டால், அந்த வயிற்று மடிப்பைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இரண்டு ஜோடி மெல்லிய குச்சிகள் இருக்கும். இணை சேர்வதற்கான உறுப்பு. அதில் முதல் ஜோடியின் வளைவு, நுனியின் வடிவம், நுனியில் உள்ள முள்மயிர் எல்லாம் இனத்துக்கு இனம் மாறும். ஓட்டின் நிறமும் முள்ளும் ஒன்றுபோல இருக்கிற இரண்டு இனங்கள்கூட இதில் பிரிந்துவிடும். ரிப்போர்ட்டில் இதன் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார் அக்கா. சாம்பல் பின்னணியில் அந்தக் குச்சியின் நுனி, பக்கத்தில் அரை மில்லிமீட்டர் அளவுகோல். நுனியிலிருந்து கீழே இறங்கும் முள்மயிரின் வரிசை, உள்பக்கம் எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு என்று எண்ணி எழுதியிருக்கிறார். எம்எஸ்சி படிக்கும்போது எங்களுக்கு யாரும் இதைக் காட்டித் தந்ததில்லை. புத்தகத்தில் கோட்டுப்படம் பார்த்ததோடு சரி.

மற்ற அடையாளங்களை வீட்டிலேயே பார்த்துவிடலாம். கடைசி ஜோடிக் கால் துடுப்புபோலத் தட்டையாக இருந்தால் நீந்தும் நண்டுக் குடும்பம், போர்ட்டுனிடே. ஓட்டின் முன்பக்க ஓரத்தில் கண்குழிப் பல்லையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஒன்பது பல் இருந்தால் நீலக்கால் நண்டு, மூணு புள்ளி நண்டு கூட்டம். ஆறு இருந்தால் கேரிப்டிஸ் என்கிற பேரினத்தின் பக்கம் போகலாம். என்னுடையதில் ஆறு. சந்தையில் ஒரு சிலுவை நண்டு வாங்கி வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதிலும் ஆறு. அதுவும் கேரிப்டிஸ்தான், கேரிப்டிஸ் ஃபெரியாட்டா, 1758இல் லின்னேயஸ் பெயர் வைத்தது. ஆனால் பின்பக்கத்தைப் பாருங்கள். சிலுவை நண்டின் ஓடு பின்னால் வளைந்து பக்கவாட்டோடு இழைந்து போகும். ஆழ்கடல் நண்டில் பின் ஓரம் நேராக ஓடி, இரண்டு முனையிலும் சட்டென்று கோணமாக முறியும். விரல் நுனியை ஓட்டினாலே அந்த மூலை தட்டுப்படும். இந்த மூலையுள்ள கூட்டத்துக்குத்தான் 1899இல் ஆல்காக் கோனியோஹெலனஸ் என்று துணைப் பேரினம் பிரித்தார். இந்தியக் கடல் அளவைக் கப்பல் ‘இன்வெஸ்டிகேட்டர்’ இழுத்துவந்த ஆழ்கடல் நண்டுகளையெல்லாம் கல்கத்தா அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து எழுதியவர் அவர்.

சிலுவை நண்டைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. அதற்கு யாரும் ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை, முதுகிலேயே சிலுவை இருக்கிறது. சவேரியாரின் சிலுவை கடலில் விழுந்துபோக, நண்டு அதைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து கொடுத்தது என்று கதை. என் பாட்டி அந்த ஓட்டை மஞ்சள் தடவிக் காயவைத்து வாசல் நிலைக்கு மேல் செருகி வைத்திருந்தாள். நண்டை மட்டும் விடவில்லை, குழம்பு வைத்துவிடுவாள்.

சரி, ரிப்போர்ட். உருவப் பகுதியில் ஓட்டின் அகலம், நீளம், முன் பற்களின் இடைவெளி, கடைசிப் பல் மற்றதைவிட எவ்வளவு நீண்டிருக்கிறது, பெரிய காலின் தொடைப்பகுதியில் எத்தனை முள், உள்ளங்கைப் பகுதியில் எத்தனை முள் என்று ஒவ்வொன்றும் படத்தோடு. வந்ததில் பெரியதே ஏழு சென்டிமீட்டர் அகலத்தை எட்டவில்லை. நிறத்தைப் பற்றி ஒரு வரி எழுதி, ‘எத்தனாலில் நிறம் போய்விட்டது, பிடித்தவுடன் எடுத்த படத்தைப் பார்த்து எழுதியது’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார். அந்த அடைப்புக்குறிதான் எனக்கு மிகவும் பிடித்தது. மடியிலிருந்து ஏறியபோது செம்பழுப்பாக இருந்த நண்டு குப்பியில் வெளிறிப் போயிருந்தது. வெளிறியதைப் பார்த்து நிறம் எழுதுகிறவர்களும் உண்டு. மாதிரி கொடுக்கிறவர்கள் போனில் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: முதுகு, வயிறு, முன்னால், துடுப்புக் கால். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள்.

முடிவு: கேரிப்டிஸ் ஸ்மித்தியை. 1838இல் மேக்லே பெயர் வைத்தது. நன்னம்பிக்கை முனையிலிருந்து டாக்டர் ஆண்ட்ரூ ஸ்மித் கொண்டுவந்த தொகுப்பில் இருந்ததால் ஸ்மித்தின் பெயர். இடையில் 1949இல் இதே நண்டுக்குக் கேரிப்டிஸ் எட்வர்ட்சியை என்று இன்னொரு பெயரும் விழுந்தது. இந்தியப் பெருங்கடலில் கூட்டம் கூட்டமாக மிதந்ததாக வரும் பழைய செய்திகள் சில அந்தப் பெயரில் இருக்கும். இந்த விவரத்தை அக்கா ஒரு வரியில் கொடுத்திருக்கிறார். காகித வேலை செய்கிறவளுக்கு இது தங்கம். நாளைக்கு வாங்குகிறவர் பழைய பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்து ‘இதில் வேறு பெயர் இருக்கிறதே’ என்றால் பதில் கையில் இருக்கிறது.

இனி டிஎன்ஏ. காலிலிருந்து கடலைப் பருப்பளவு தசை எடுத்து, டிஎன்ஏவைப் பிரித்து, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ என்ற மரபணுவின் ஒரு துண்டைப் பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பல படிகள் எடுக்கும் முறை) பெருக்கி, இரண்டு முனையிலிருந்தும் அதன் எழுத்து வரிசையைப் படிக்கிறார்கள். துண்டின் நீளம் சுமார் 658 எழுத்து. எந்தத் துண்டைப் பெருக்க வேண்டும் என்று பிடித்துக் கொடுக்கிற சின்ன டிஎன்ஏ இழைகளுக்குப் பிரைமர் என்று பெயர். 1994இல் ஃபோல்மர் குழுவினர் வெளியிட்ட பிரைமர்கள்தான் இன்றைக்கும் ஓடுகின்றன. 2003இல் ஹீபர்ட் குழுவினர் விலங்குகளுக்கு இதையே பார்கோடாக வைத்துக்கொள்ளலாம் என்று முன்வைத்தார்கள், அதிலிருந்து எல்லாரும் இந்தத் துண்டையே படிக்கிறார்கள். துணைக்கு 16எஸ் என்ற இன்னொரு துண்டும் படித்திருந்தார்கள். சேர்ந்த வகையில் அது உண்டு, ‘டிஎன்ஏ மட்டும்’ வகையில் கிடையாது. பில்லில் இதை யாரும் சொல்வதில்லை, கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜெல் படம், வரிசையின் மேடு பள்ள வரைபடம் எல்லாம் இணைத்திருந்தார்கள். வரைபடத்தின் இரண்டு ஓரங்களிலும் குழப்பமாக இருந்த பகுதியை வெட்டியதாகவும், எங்கே வெட்டினோம் என்றும் எழுதியிருந்தார்கள். நல்ல வேலை. அதைவிட நல்ல வேலை, வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்துப் பார்த்து நடுவில் நிறுத்தக் குறி (புரதம் இங்கே முடிகிறது என்கிற அடையாளம்) எதுவும் இல்லை என்று உறுதி செய்தது. நண்டு, இறால் வகையில் ஒரு தொல்லை உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் துண்டு எப்போதோ உட்கருவின் டிஎன்ஏவுக்குள் போய் ஒட்டிக்கொண்டு, வேலை எதுவும் செய்யாமல், காலப்போக்கில் மாறிக்கொண்டே கிடக்கும். பிசிஆர் அசலை விட்டுவிட்டு இந்தப் போலியைப் பெருக்கினால், இல்லாத ஒரு புது இனம் இருப்பதுபோலக் காட்டும். நிறுத்தக் குறி தட்டுப்பட்டால் போலி என்று சந்தேகப்படலாம். நீங்கள் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் இந்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். விழித்தார்கள் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

எடுத்த வரிசையை ஜென்பேங்க், போல்ட் என்கிற பொது டிஎன்ஏ தரவுத்தளங்களில் மற்றவர்கள் ஏற்றிவைத்த வரிசைகளோடு ஒப்பிடுகிறார்கள். என்னுடையது ஸ்மித்தியை என்ற பெயரில் ஏற்றியிருந்த வரிசையோடு 99 சதவீதத்துக்கு மேல் பொருந்தியது. பையன் சொன்ன ‘ஃபைனல்’ இதுதான். அந்த வரிசைக்கு ஸ்மித்தியை என்று பெயர் வைத்தது யார்? அதை ஏற்றியவர். அவர் நண்டைப் பார்த்துச் சரியாகப் பெயர் சொல்லியிருந்தால் நமக்கும் சரி. ஆதாரில் ஒருவர் பெயர் தப்பாக ஏறிவிட்டால் கைரேகை கச்சிதமாகப் பொருந்தி, அந்தத் தப்புப் பெயரைத்தான் காட்டும். ஆகவே உருவத்தைப் பார்த்து ஒருவர் தனியாக ஒரு பெயர் சொல்லி, டிஎன்ஏ தனியாக ஒரு பெயர் சொல்லி, இரண்டும் ஒத்துவந்தால்தான் எனக்கு நிம்மதி. அக்கா தன் பக்கத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு மூடிய பிறகுதான் டிஎன்ஏ முடிவைத் திறந்து பார்ப்பாராம். போனில் இதைச் சொன்னபோது காசு கொடுத்தது வீண்போகவில்லை என்று தோன்றியது.

எங்கள் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது. நீலக்கால் நண்டை இந்தியாவில் எல்லோரும் போர்ட்டுனஸ் பெலாஜிகஸ் என்றே எழுதிவந்தோம், இன்னும் பலர் எழுதுகிறோம். 2010இல் லாய், இங், டேவி மூவரும் ஓடு, ஆண் உறுப்பு, டிஎன்ஏ எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து அது ஒன்றல்ல, நான்கு என்று பிரித்தார்கள். வங்காள விரிகுடாவில் கிடைப்பது ரெட்டிகுலேட்டஸ். பாரசீக வளைகுடா, செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா பக்கம் செக்னிஸ். ஆஸ்திரேலியாப் பக்கம் ஆர்மேட்டஸ். பெலாஜிகஸ் என்ற பெயர் தென்கிழக்கு ஆசியா, கிழக்கு ஆசியாவோடு நின்றுவிட்டது. அதற்கு முன் பெலாஜிகஸ் என்று ஏற்றிய வரிசைகளை யாராவது போய்த் திருத்தினால்தான் பெயர் மாறும். இரண்டு கடலும் சேருகிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு ‘டிஎன்ஏ மட்டும்’ ரிப்போர்ட்டில் பெலாஜிகஸ் என்று வந்தால் நான் நம்ப மாட்டேன். சேற்று நண்டுக்கும் இதே கதைதான். 1998இல் கீனன், டேவி, மான் மூவரும் அதை நான்கு இனமாகப் பிரித்தார்கள். அதில் ஒன்றுக்குப் பெயர் ட்ரான்க்யூபாரிகா, நம் தரங்கம்பாடி. ஏற்றுமதிக் காகிதத்தில் இன்றைக்கும் எல்லாவற்றையும் செர்ராட்டா என்றே அடித்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

கேரை வயிற்று நண்டுக்கு வருகிறேன். அதில் அக்கா பக்கம் காலி. பல் தேய்ந்து, கால் உதிர்ந்து, பின் மூலை கரைந்து கிடந்ததில் ‘கேரிப்டிஸாக இருக்கலாம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். இங்கே டிஎன்ஏதான் கைகொடுத்தது. முதல் முறை 658 எழுத்துத் துண்டு பெருகவே இல்லை. வயிற்று அமிலத்தில் டிஎன்ஏ நொறுங்கியிருக்கும், எதிர்பார்க்க வேண்டியதுதான். இரண்டாவது முறை சின்னத் துண்டுக்குப் பிரைமர் போட்டு எடுத்தார்கள். மடியில் ஏறிய நண்டின் வரிசையில் அதே பகுதியோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வெளியிலிருந்து கடன் வாங்கிய பெயர் எதையும் நம்பாமல், நானே கொடுத்த, அக்கா உருவம் பார்த்துப் பெயர் சொன்ன நண்டோடு ஒப்பிட்டதால் இந்த முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மடியும் கேரையும் ஒரே நண்டை எப்படிப் பிடிக்கின்றன என்றால், இதன் பழக்கம் அப்படி. திறந்த கடலில் இருக்கும்போது பகலில் ஆழத்துக்கு இறங்கிவிடும், இரவில் மேலே ஏறி இரை தேடும். அரபிக்கடலில் ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு ஒன்று உண்டு, அந்த அடுக்கிலும் தாக்குப்பிடிக்கும். நம் தென்மேற்குக் கரைக்கு வெளியே, கடல்தரை சரிகிற இடத்தில், 200 மீட்டருக்குக் கீழே அடியிலும் கூட்டமாகக் கிடக்கும். ‘சாகர் சம்பதா’ ஆய்வுக்கப்பல் அந்தச் சரிவில் மடி இழுத்தபோது இது ஏராளமாக ஏறியதைச் சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். மேற்கு இந்தியப் பெருங்கடலில் கேரைக்கு இது முக்கியமான தீனி என்பதும் பதிவாகியிருக்கிறது. சித்தப்பாவிடம் சொன்னேன். “ராத்திரி லைட்டு போட்டா மேல வந்து மொய்க்குமே, அதுதானே?” என்றார். அவருக்குத் தெரிந்ததற்குத்தான் நான் பில் கட்டினேன் போலும்.

பில் என்றதும் மூன்றரையின் கதை முடிகிறது. பெருகாமல் போன முதல் பிசிஆருக்கும் காசு, சின்னத் துண்டுக்கும் தனியாகக் காசு, அதன் மேல் ஜிஎஸ்டி. செரித்த மாதிரியில் முதல் முறை தோற்கும் வாய்ப்பு அதிகம் என்று வாங்கும்போதே சொல்லி, நேராகச் சின்னத் துண்டுக்குப் போயிருக்கலாம். கேட்டதற்கு, ‘பாலிசி மேடம்’. இதற்கு அரை நட்சத்திரம் குறைத்தேன்.

இன்னொரு அரை, ரிப்போர்ட்டின் முகப்புக் கடிதத்துக்கு. உள்ளே அக்கா அவ்வளவு நிதானமாக எழுதியிருக்க, முகப்பில் பெரிய எழுத்தில் ‘டிஎன்ஏ மூலம் 100 சதவீதம் உறுதி செய்யப்பட்டது’ என்று முத்திரை. 99 சதவீதப் பொருத்தம் என்பது எழுத்துகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்கிற கணக்கு. பெயர் எவ்வளவு உறுதி என்பது வேறு கணக்கு. இரண்டையும் குழப்பி ஒரு முத்திரை குத்தியிருக்கிறார்கள். அக்காவின் பெயரோ கையெழுத்தோ முகப்பில் இல்லை, ஏழாம் பக்கத்தின் அடியில் இருக்கிறது. வாங்குகிறவருக்கு அனுப்பும்போது முகப்பை எடுத்துவிட்டு உள்பக்கங்களை மட்டும் அனுப்பினேன். அவர் திருப்பிக் கேட்ட ஒரே கேள்வி, நண்டு இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான். விஷயம் தெரிந்த மனுஷன்.

நண்டு எங்கே என்று நானும் கேட்டு வைத்திருந்தேன், நல்லவேளை. கேட்காவிட்டால் கொஞ்ச மாதத்தில் குப்பைக்குப் போய்விடும். வரிசை எடுத்த அதே நண்டு எண் போட்ட சீட்டோடு எத்தனாலில் இருந்தால்தான் நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் திரும்ப எடுத்துப் பல்லை எண்ணலாம். மாதிரி கொடுக்கும் படிவத்தின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், ‘திரும்பப் பெற விருப்பம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் அடியுங்கள். பொட்டலச் செலவு மட்டும் கேட்பார்கள்.

யாருக்கு இந்தச் சேவை வேண்டும்? பழகிய நண்டுக்கு வேண்டாம். ஒரு வெர்னியர் அளவுகோல், போனில் மாட்டுகிற சின்ன லென்ஸ், பல் எண்ணும் பொறுமை இருந்தால் பேரினம் வரை நீங்களே போய்விடலாம். வீட்டுச் சமையலுக்கு வாங்கிய நண்டு என்ன என்று ஆசைக்குக் கேட்கிறவர்களும் காசை மிச்சம் பிடியுங்கள். ஆராய்ச்சி மாணவர்கள் விழிஞ்ஞத்தில் உள்ள சிஎம்எஃப்ஆர்ஐ மையத்தையோ காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல் துறையையோ முதலில் போய்ப் பார்ப்பது நல்லது, பேசவும் ஆள் கிடைப்பார்கள். காகிதத்தில் பெயர் எழுதி அதற்குப் பொறுப்பேற்கிற என்னைப் போன்றவர்களுக்கு, தெரியாத சரக்கு வரும்போது, இது வேண்டும். ஆனால் சேர்ந்த வகைதான். பல்லும் மூலையும் கெடாத முழு நண்டாக, அதில் ஆண் ஒன்றாவது இருக்கும்படி, பிடித்த இடமும் ஆழமும் நாளும் எழுதிய சீட்டோடு கொடுங்கள். இவர்களின் படிவத்தில் ஆழம் எழுத இடமே இல்லை. ஓரத்தில் எழுதினேன், ரிப்போர்ட்டில் சரியாக ஏற்றியிருந்தார்கள்.

கவுண்டர் மதியம் சாப்பாட்டுக்கு மூடினால் பையன் எப்போது திரும்பி வருவான் என்று சொல்ல முடியாது. ஐஸ் பெட்டியோடு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், முதல் வண்டியில் ஏறிவிடும். எத்தனால் குப்பியை முதல் நாளே போன் செய்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.